புதன்கிழமை வரவேண்டிய சிலிண்டர்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போர்வை மடித்தது. சொந்தப் போர்வைகூட இல்லை. அம்மா வேலை பார்த்த மையத்தின் விடுதிப் போர்வைகள். விடுதியின் வாஷிங் மெஷின் கெட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று இடத்தில் விலை கேட்டு, ஒப்பிட்டு, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அழுக்குக்கு அந்த நடைமுறை தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி முழுக்க அம்மா வீட்டுப் பால்கனிக் கொடியில் தொங்கியது.

மகள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். அவளுக்கு ஓரத்தோடு ஓரம் சேரவேண்டும், மூலையோடு மூலை. அம்மா மடிப்பது வேறு ரகம். மடிப்பாக ஆரம்பித்துச் சுருட்டலாக முடியும்.

"நேரா பிடிம்மா."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீதான் சாஞ்சு நிக்கிற."

"சுருக்கம் சுருக்கமா இருக்கு பாரு."

"போத்திக்கப் போறவங்க ஸ்கேல் வெச்சுப் பாக்க மாட்டாங்கடி. அவங்களுக்கு வேற கவலை இருக்கு."

அப்போதுதான் அம்மாவின் அலுவலகப் போன் அடித்தது. அம்மா தன் பக்கத்து மூலைகளை மோவாய்க்கடியில் செருகிக்கொண்டு போனை எடுத்தாள். எதிரில் ஆண்குரல். அடுத்த அறைக்கே கேட்கும்படி பேசுகிற ஆள். போர்வையின் அந்தப் பக்கத்தில் நின்ற மகளுக்கு ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது.

"கேஸா?"

அம்மாவின் மோவாய் மேலே போனது. போர்வை கீழே விழுந்தது.

"ஆமா சார், கேஸ்தான். சொல்லுங்க."

"என் வைஃப் போன்ல 'கேஸ்'னு இந்த நம்பர் இருக்கு. எத்தனை தடவை பேசிருக்கா தெரியுமா? ஒரு நாளைக்கு நாலு தடவை கேஸ்காரங்ககிட்ட பேச அப்படி என்ன இருக்கு?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க? அவங்க பேசாம யாரு பேசுவாங்க? புக் பண்ணி எத்தனை நாளாச்சு, நாங்கதான் சிலிண்டர் அனுப்பலை. தப்பு எங்க பேர்ல. தினமும் கூப்பிட்டுத் திட்டறாங்க சார். காது குடுத்துக் கேக்க முடியல."

தன் மனைவி யாரையாவது திட்டுவாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"அவளா? திட்டறாளா?"

"அது வாயா சார்?"

குரல் சட்டென்று தணிந்தது. ஒரே எதிரியிடம் அடிவாங்கிய இருவர் சந்தித்துக்கொண்டதுபோல ஒரு நெருக்கம் வந்துவிட்டது. "வீட்லயும் அப்படித்தான்மா" என்றார். பிறகு பழைய குரலுக்குத் திரும்பினார். "சிலிண்டர் எப்ப வரும்?"

"புதன்கிழமை காலைல, கண்டிப்பா."

"அவ போன் என்கிட்டதான் இருக்கு. புதன்கிழமை வரைக்கும் என்கிட்டதான் இருக்கும். நான் வீட்ல உக்காந்திருந்து பாப்பேன். வரலைன்னா இது எந்த மாதிரி கேஸ்னு கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

"அட்ரஸ் ஒரு தடவை சொல்லிடுங்க சார், கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன்."

அவர் சொன்னார். தெருப் பெயர், மருந்துக்கடைக்குப் பின்வீடு, பச்சை கேட். மருந்துக்கடை அவருடையதே. அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். போனை வைத்துவிட்டு, விழுந்துகிடந்த போர்வையின் மேலேயே உட்கார்ந்தாள்.

"சிலிண்டர் யாவாரம் எப்பம்மா ஆரம்பிச்ச?" என்றாள் மகள்.

"இப்பத்தான்" என்றாள் அம்மா.

அம்மாவின் வேலை கேஸ் மேனேஜர். வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு ஆதரவு தரும் மையத்தில், ஒவ்வொரு பெண்ணுக்கும் போலீஸ், வக்கீல், டாக்டர், பள்ளிக்கூடம், தங்குமிடம் என்று ஓடி ஓடிக் கதவு தட்டுகிற ஆளுக்கு அந்தப் பெயர். வேலைக்குப் பெயர் வைத்தவர்கள் தமிழை யோசிக்கவில்லை. தமிழில் அடுப்பெரிப்பதும் கேஸ், கோர்ட்டில் நடப்பதும் கேஸ். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று.

மகள் பள்ளியில் படித்தபோது "அம்மாவுக்கு என்ன வேலை?" என்று ஆசிரியை கேட்டார். "கேஸ் மேனேஜர்" என்றாள். அன்றிலிருந்து அந்த ஆசிரியை அவளிடம் தனி அன்பு காட்டினார். ஆண்டு முடியும்வரை இரண்டாவது சிலிண்டர் கிடைக்கவில்லை என்றதும் அன்பு தீர்ந்துபோனது. மாடி வீட்டு மாமா மட்டும் நம்பிக்கை இழக்கவே இல்லை. அம்மாவை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "கொஞ்சம் சொல்லி வைங்க, வெளியாளுக்கெல்லாம் குடுக்கறீங்க" என்பார். "சொல்றேன் சார்" என்பாள் அம்மா. யாரிடம் என்று சொல்லமாட்டாள்.

இந்தக் குழப்பத்தை அம்மா திருத்தவில்லை. தொழிலுக்கு எடுத்துக்கொண்டாள். முதல் தடவை வரும் பெண்ணிடம் முதல் வேலையாக, "என் நம்பரை 'கேஸ்'னு போட்டு வெச்சுக்கம்மா" என்பாள். புருஷன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் கேஸ். பொய்யும் கிடையாது. பொய் இல்லை என்பதில் அம்மாவுக்கு ஒரு கர்வமே இருந்தது.

பேச்சும் அதே பாணிதான். கணவன் பக்கத்தில் இருந்தால் "அடுப்பு எரியுது" என்று சொல்லவேண்டும். அம்மா உடனே வைத்துவிடுவாள். விடுதியில் இடமில்லை என்றால் "ஸ்டாக் இல்ல மேடம்." இடம் வந்துவிட்டால் "ஸ்டாக் வந்தாச்சு." அதைக் கேட்ட பெண் அன்றைக்கே மத்தியானம் நூலகத்துக்கு எதிர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடவேண்டும். அம்மா அங்கே முன்கூட்டியே போய் நிற்பாள். அதில் மட்டும் யாரையும் மாற்றுக்கு அனுப்பமாட்டாள். "வீட்டை விட்டுட்டு வர்றவ, தெரிஞ்ச முகம் இல்லாம அஞ்சு நிமிஷம் நின்னா, அடுத்த பஸ்ஸுல திரும்பி வீட்டுக்குத்தான்டி போவா" என்பாள்.

மகள் ஒரு முறை இந்த ஏற்பாட்டை லிஃப்டைச் சோதிப்பதுபோலச் சோதித்துப் பார்த்தாள். "இதுல ஒரு ஓட்டை இருக்கும்மா. கேஸ்காரங்களுக்கு யாரும் இத்தனை தடவை போன் பண்ண மாட்டாங்க."

"கேஸ் வரலைன்னா பண்ணுவாங்க" என்றாள் அம்மா.

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு அம்மா வைத்த பெயர் ஸ்வெட்டர். வீட்டில் யாருடைய சொந்தப் பெயரையும் அம்மா சொன்னதில்லை. கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டரோடு வருகிற பெண், அதனால் அந்தப் பெயர். உள்ளே கைகள் என்ன நிறம் என்பது அம்மாவுக்கும் டாக்டருக்கும் தெரியும். கணவருக்கும் தெரியும். கருணையுள்ள மனிதர். அடித்த மறுநாள் காலையில் தன் கடையிலிருந்தே களிம்பு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். சேவை முழுவதும் ஒரே கூரையின் கீழ்.

ஸ்வெட்டர் இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் திரும்பிப் போனவள். மையத்தின் இயக்குநர் அவளுக்கு ரிபீட் கேஸ் என்று பெயர் வைத்திருந்தார். அவருக்குக் கணக்கு முக்கியம். ஒவ்வொரு கூட்டத்திலும் "எத்தனை கேஸ் மூடினீங்க?" என்று கேட்பார். "மூடிட்டேன் சார், ஆனா வாசனை வருது" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார், கட்டடத்தில் கசிவு என்று நினைத்து.

மூன்றாவது முறை ஸ்வெட்டர் தானாகவே வந்தாள். அவளுடைய சின்னப் பெண், மாலையில் கடைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், "அம்மா, ஸ்வெட்டர் போட்டுக்கோ, அப்பா வர்றாரு" என்று எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறது. குழந்தை பழகிவிட்டது. அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன், இடம் வந்ததா என்று. அம்மாவும் நாலு தடவையும் "ஸ்டாக் இல்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை விடுதியில் ஓர் அறை காலியாகப் போகிறது என்று சனிக்கிழமை ராத்திரிதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தபோது, போன் கணவர் கைக்குப் போய்விட்டது.

"இப்ப எப்படிச் சொல்லுவ?" என்றாள் மகள்.

"புதன்கிழமை அந்த வீட்டுக்கு சிலிண்டர் போகணும். அவன் பாக்கணும். அவன் முன்னாடியே அவகிட்ட 'ஸ்டாக் வந்தாச்சு'ன்னு சொல்லணும். சிலிண்டர் போகலைன்னா அவன் சந்தேகம் நிஜமாயிடும். அப்புறம் வெளிக்கதவுக்குப் பூட்டுதான்."

"வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு உங்க விதி இருக்கே?"

"கேஸ் மேனேஜர்தான் போகக் கூடாது. கேஸ் போகலாம்."

"யாரு தூக்குவா?"

அம்மா மகளின் தோளைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த போர்வையின் இரண்டு மூலைகளை எடுத்து நீட்டினாள். "பிடி. சிலிண்டர் கடைக்காரர்கிட்ட நான் நாளைக்குப் பேசறேன். நீ வண்டியை மட்டும் கொண்டா."

கடைக்காரரிடம் அம்மா பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை, மையத்தில் தன் மேஜையில், வேறொரு பெண்ணுடைய புகார் என்ன ஆயிற்று என்று கேட்க அம்மா காவல் நிலையத்துக்குப் போன் செய்திருந்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிக் காத்திருப்பில் போட்டார்கள். இடையில் ஒரு புல்லாங்குழல். காத்திருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. மேஜையில் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று பக்கத்து அறையில் நினைத்திருக்கிறார்கள். யாரோ வந்து தொட்டுப் பார்த்தபோதும் ரிசீவரில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பு அவ்வளவு முக்கியமானது.

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மாடி வீட்டு மாமா மலைத்துப்போனார். உறவுக்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாடிப்படியிலிருந்து தெருமுனை வரை, யாரென்றே தெரியாத பெண்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. எப்படிப் பழக்கம் என்று மாமா ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கேஸ் விஷயமாப் பழக்கம்.

மாமா மகளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "கம்பெனிலேர்ந்து பெரிய ஆளுங்க யாரும் வரலையாம்மா?"

"இல்ல மாமா."

"இத்தனை பேருக்குக் குடுத்திருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நமக்கு ஒண்ணு குடுக்கலை பாரு."

அம்மா இறந்தபிறகு மகளுக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பு வெளியே வரும்போது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

இயக்குநர் சாயங்காலம் வந்தார். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். ஈடுசெய்ய விளம்பரம் கொடுத்திருப்பதாகவும், ஆள் கிடைக்கும்வரை அலுவலகப் போனையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார்.

"நாளைக்கு ஒரு சிலிண்டர் போகணும் சார்" என்றாள் மகள். விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் பயிற்சி பெற்றவர்.

"அந்தக் கேஸ் இப்போதைக்கு யார் பேர்லயும் இல்லையேம்மா. புது ஆள் வர்ற வரைக்கும் நிலுவைல இருக்கும்."

"அவர் நிலுவைல இருப்பாரா சார்?"

"யாரு?"

"அடிக்கிறவர்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறை இருக்கு. அவங்களா வந்தா யாரும் மறுக்கப் போறதில்ல. நாமளா வீட்டுக்குப் போய்க் கூப்பிட விதில இடமில்ல. நீங்க மையத்து ஆளும் இல்ல."

"அது நல்லதாப் போச்சு" என்றாள் மகள். சாவியைக் கொடுத்தாள். போனை நாளைக்குக் கொடுப்பதாகச் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் சிலிண்டர் கடைக்காரர், "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார். "அம்மா வாடிக்கைக்காரர் ஒருத்தருக்கு" என்றாள். லிஃப்ட் நிறுவனத்துச் சீருடை எதற்கும் பொருந்துகிற சாம்பல் நிறம். தொப்பியில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டாள். வண்டியிலிருந்து சிலிண்டரை இறக்கிப் பச்சை கேட்டைத் தட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுத்தமாகச் சவரம் செய்த முகம். தெருவில் யாரும் தப்பாகச் சொல்லமுடியாத மனிதர்.

"பொம்பளைய அனுப்பிருக்காங்க?"

"சிலிண்டருக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது சார், வெயிட் ஒண்ணுதான்" என்றபடி தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

சமையலறையில் அந்தப் பெண் அடுப்போரம் நின்றாள். ஸ்வெட்டரோடு. மகள் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். தன் வயதுதான் இருக்கும். குழந்தை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றது.

மகள் மேடைக்கடியில் குனிந்து பழைய சிலிண்டரை வெளியே இழுத்தாள். இழுத்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. கனமாக இருந்தது. இதை அம்மா யோசிக்கவில்லை. அம்மாவுக்குக் கேஸ் தெரியும், சிலிண்டர் தெரியாது.

மருந்துக்கடைக்காரரும் காலால் தள்ளிப் பார்த்தார். தள்ளிய இடத்திலேயே நின்றது.

"பாதிக்கு மேல இருக்கே." மனைவியைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார். "இது தீரறதுக்குள்ளயே ஒரு நாளைக்கு நாலு தடவை அவங்களைக் கூப்பிட்டுத் திட்டினியாமே. ஆபீஸ்ல அந்தம்மாவே சொன்னாங்க. எங்கே, திட்டு பாப்போம்."

லிஃப்ட் நடுவில் நின்றால் என்ன செய்யவேண்டும் என்று மகளுக்குத் தெரியும். இதற்குத் தெரியாது.

அந்தப் பெண் அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"என்ன நெனச்சுட்டிருக்கீங்க உங்க மனசுல?" என்றாள். முதலில் குரல் கீச்சென்று உடைந்தது. இரண்டாவது வாக்கியத்தில் சரியாகிவிட்டது. "தீர்ந்தப்புறம் கேட்டா நீங்க குடுத்துடுவீங்களா? எத்தனை நாள் பொறுத்துக்கிறது? ஒவ்வொரு தடவையும் இனிமே இப்படி ஆகாது, இதுதான் கடைசின்னு சொல்லவேண்டியது. நாலு நாள் நல்லா இருக்கவேண்டியது. மறுபடி அதே கதை. கேக்க ஆளில்லைன்னுதானே? எங்கேயும் போகமாட்டா, இவளுக்கு வேற கதி இல்லைங்கற திமிருதானே? மனுஷங்களா நீங்கல்லாம்? குழந்தை இருக்கற வீடு. அதை நெனச்சுப் பாத்திருக்கீங்களா ஒரு நாளாவது?"

நிறுத்தவே இல்லை. வருஷக்கணக்கில் சேர்ந்தது முழுவதும் கேஸ் கம்பெனியின் தலையில் கொட்டியது. மகள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தலைகுனிந்து நின்று வாங்கிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கதவில் சாய்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். நடுவில் ஒருமுறை, "நல்லா கேளு. இவங்களுக்கெல்லாம் அப்படிக் கேட்டாத்தான் உறைக்கும்" என்று எடுத்துக்கொடுத்தார். மனைவியை அவ்வளவு பெருமையோடு அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்.

அவள் மூச்சு வாங்க நின்றபோது மகள் நிமிர்ந்தாள்.

"இனிமே ஆகாது மேடம். ஸ்டாக் வந்தாச்சு."

அந்தப் பெண்ணின் கை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பல வருஷம் பழகியவள்.

"நிஜமாவா?"

"இன்னிக்குத்தான் வந்துது."

மகள் புது சிலிண்டரைப் பொருத்தினாள். சோப்பு நீர் கேட்டு வாங்கி இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். அவசரப்படவில்லை. குமிழி வரவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள். "போன்ல எப்பவும் பேசுவாங்களே, அந்தம்மா எங்கே? அவங்க வருவாங்கன்னு நெனச்சேன்."

மகள் பழைய சிலிண்டரின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"லீவுல இருக்காங்க மேடம்."

"திட்டு விழும்னு தெரிஞ்சு லீவு போட்டிருப்பாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மனைவியின் போனை எடுத்து மேடைமேல் வைத்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு வெகுநேரம் முன்பே மகள் நூலகத்துக்கு எதிர்ப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். வண்டியின் பின்னால் பாதி நிறைந்த சிலிண்டர். ஒரு பேருந்து வந்தது, போனது. இன்னொன்று வந்தது. நடத்துநர் ஏறச்சொல்லிக் கைகாட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

பிறகு எதிர்ச்சாரியில் அவர்கள் வந்தார்கள். குழந்தையின் கை அம்மாவின் கையில். பள்ளிக்கூடப் பை தோளில். வேறு மூட்டை இல்லை. அந்தப் பெண் நிறுத்தத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வயதான பெண்கள் முகத்தில் மட்டும் பார்வை நின்று நின்று நகர்ந்தது. சாலையைத் தாண்டாமல் அங்கேயே தயங்கினாள்.

லீவு என்று இரண்டாவது தடவை சொல்ல முடியாது. மகள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாலையில் இறங்கினாள்.